ஊசி பத்துக்குக் கீழே இறங்கிய காலை

ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

வரும் திங்கட்கிழமை முதல் நான் இங்கே இருக்க மாட்டேன். அரக்கோணத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் எஞ்சின் பாடம் எடுக்கச் சேர்கிறேன். ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், வயது இருபத்தொன்பதுதான். ஆனாலும் ஒன்பது வருடம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவள், கிளம்பும்போது சிலவற்றைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

என் நோட்டுகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். இரும்பு அலமாரியின் மேல்தட்டில் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் பட்டியல்கள். வண்டி கிளம்பவில்லையா, எட்டுக் காரணம். கறுப்பாகப் புகை வருகிறதா, ஆறு காரணம். எளிதாகப் பார்க்கக்கூடியவை மேலே, கழற்றினால்தான் தெரியும் என்பவை கீழே. இவற்றில் பெரும்பாலானவை புத்தகத்திலும் கிடைக்கும். ஏழாவது நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் 'சரி' என்று எழுதி, அதை அடித்திருப்பேன். ஏன் அடித்தேன் என்று அங்கே எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

சாலமன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். கே.ஜி.கண்டிகையிலிருந்து வெள்ளை அம்பாசடரில் வருகிறாரே, அவர்தான். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அந்த வண்டிதான் போகும். திருத்தணி மலைமேல் கோயிலில் நடக்கும் கல்யாணமானாலும் சரி, அரக்கோணத்துச் சர்ச் கல்யாணமானாலும் சரி, பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அண்ணனுக்கு வேறு தொழில் கிடையாது. வேறு வண்டியும் கிடையாது.

அந்த வண்டியின் எஞ்சினை நாங்கள் ஒருமுறை முழுதாகப் பிரித்துச் செய்தோம். அப்போது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கை லேத்தில் கடைசி அளவுக்குத் தேய்க்க வேண்டியிருந்தது. கிராங்க் தேயும்போதெல்லாம் அதை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்கி, அதைத் தாங்கும் பேரிங்கை அதற்கேற்ப இன்னும் தடித்ததாகப் போடுவோம். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அளவுகள். அண்ணன் வண்டியில் நாற்பதும் முடிந்துவிட்டது. அதற்குமேல் தேய்க்க இடமில்லை. அந்தக் கிராங்க்கில் கீறல் கோடு விழுந்தால் வண்டி முடிந்தது என்று அர்த்தம். வேறு கிராங்க் தேடி அண்ணன் சென்னை வரை போய்ப் பார்த்துவிட்டார். கிடைத்ததெல்லாம் இதைவிட மோசம்.

எஞ்சின் செய்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தார்.

"மெக்கானிக்கம்மா, ஊசி தூங்குது."

டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் ஊசியைத்தான் சொன்னார். காலையில் கிளப்பும்போது அறுபதில் நிற்கிறதாம். மலை ஏறி இறங்கினால், வண்டி நிற்கும் நேரத்தில் பத்துக்கு வந்துவிடுகிறதாம்.

"எத்தனை நாளாண்ணா?"

"ஒரு மாசமா கீது. மொதல்ல இருபதுல நின்னுது, அப்பறம் பதினஞ்சு. நான் ஊசிக்கு வயசாச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"ஊசிக்கு ஏன் வயசாவுது?"

"எனக்கு ஆவலையா?"

நான் நோட்டை எடுத்தேன். "ஆங், வந்துட்டா லிஸ்ட்டம்மா" என்று அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் பட்டியல் வேலையைப் பார்த்துச் சிரிப்பதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை.

ஆயில் பிரஷர் குறைந்தால் ஏழு காரணம் என்று எழுதினேன். ஊசியே பொய் சொல்லலாம். ஆயில் அளவு குறைந்திருக்கலாம். ஆயில் நீர்த்துப் போயிருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். கடைசியாக, பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கலாம். முதல் ஐந்தையும் அன்று சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டேன். ஷெட்டில் இருக்கும் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்ததில் ஊசி உண்மையைத்தான் சொன்னது. ஆயில் அளவு கொஞ்சம் குறைவு, பெரிதாக இல்லை; நீர்த்தும் போகவில்லை. ஃபில்டர், ஸ்பிரிங் இரண்டும் நன்றாக இருந்தன. ஆறும் ஏழும் மிச்சம். அவற்றைப் பார்க்க அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை.

"நாளைக்குக் காலைல முகூர்த்தம் கீதும்மா. பொண்ணு வீட்டுக்காரங்க நகரி பக்கம். மூணு மாசம் முன்னாடியே சொல்லி வெச்சது."

"வேற வண்டி சொல்லிடலாமே?"

"சொல்லலாம். அப்பறம் தை மாசம் பூரா அந்த வேற வண்டியையே கூப்புடுவாங்க."

அவரே ஒரு வழியும் சொன்னார். தடித்த ஆயில் ஊற்றலாம். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. ஆயில் தடித்தால் பேரிங் இடைவெளியில் மெதுவாக வழியும், பிரஷர் ஏறும், ஊசி எழுந்து நிற்கும். ஒரு நாளைக்குத்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். பழைய ஆயிலை இறக்கித் தடித்ததை ஊற்றி, எஞ்சின் சூடாகும் வரை ஓடவிட்டுப் பார்த்தேன். ஊசி முப்பதில் நின்றது. நோட்டில் ஏழு காரணங்களுக்கும் கீழே 'சரி' என்று எழுதிக் கோடு போட்டேன்.

தடித்த ஆயில் ஊற்றியதை நான் இப்போதும் பெரிய தவறாக நினைக்கவில்லை. நெருக்கடியில் செய்யக்கூடியதுதான். தவறு அந்தச் சொல். மேலே ஏறியிருந்தது ஊசி மட்டும். உள்ளே இருக்கும் இடைவெளி அப்படியே இருந்தது. ஆறாவதையும் ஏழாவதையும் பார்க்காமலேயே அவற்றுக்குக் கீழே நான் கோடு போட்டுவிட்டேன். கோடு போட்ட பிறகு மனம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பவில்லை. அதனால் அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லாமல் விட்டேன்: ஏறும்போது ஊசி எவ்வளவு வரை இறங்கலாம், எதற்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பதை. அவரும் கேட்கவில்லை. நான்தான் 'சரி' என்று சொல்லிவிட்டேனே.

மறுநாள் காலை எட்டு மணி தாண்டிப் பத்து நிமிடம். நான் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"ம்மா, மலை ஏறிகினு கீறேன். ரெண்டு வளைவு பாக்கி. ஊசி எட்டுல நிக்குது. இன்னா பண்றது, சொல்லு."

"வண்டி ஓடிட்டு இருக்கா, நிக்குதா?"

"ஓரமா நிறுத்திட்டேன். எஞ்சின் ஓடுது. பொண்ணு உள்ள கீது."

"போனை பானெட்டுக்கிட்ட கொண்டு போங்கண்ணா. யாரையாவது ஆக்சிலேட்டரை லேசா மிதிக்கச் சொல்லுங்க."

ஹார்ன் சத்தங்களுக்கு நடுவில் கேட்டது. டொக், டொக், டொக். அடியிலிருந்து, மந்தமாக, கனமாக. மேலே வால்வு தட்டினால் அது சில்லறை குலுங்குவது போல இருக்கும். இது அப்படி இல்லை. மூடிய கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல இருந்தது.

அதற்குள் இன்னொரு குரல் வந்தது. பெண்ணின் அப்பா.

"இன்னா டிரைவரே, எட்டரைக்கு முகூர்த்தம். இங்க நின்னு போன் பேசிகினு கீற?"

"ரெண்டு நிமிஷம் சார். மெக்கானிக் லைன்ல கீறாங்க."

"மெக்கானிக்க நேத்தே கூப்புட்டிருக்கணும். இன்னிக்கு ஐயரைக் கூப்புடுற நாளு."

நேற்றே கூப்பிட்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டே வளைவுதான். உண்மையைச் சொன்னால், அந்த வண்டி அநேகமாக ஏறிவிட்டிருக்கும். பத்துக்கு ஏழு தடவை ஏறிவிடும். மிச்சம் மூன்றில் பேரிங் பிடித்து, கிராங்க்கில் கோடு விழும். நான் யோசித்தது அதை மட்டும் என்று சொன்னால் பொய். 'நிறுத்துங்கள்' என்று சொன்னால் நேற்று நான் சொன்ன 'சரி' தப்பு என்று ஆகிவிடும். மணப்பெண்ணோடு நடுமலையில் வண்டி நின்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேசும். அந்தப் பேச்சு அண்ணன் தலையில் விழும். 'மெதுவா ஏறிடுங்க' என்று சொன்னால் ஏழு பங்கு வாய்ப்பில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஏழு பங்கை நான் விரும்பினேன். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் மூன்று தடவை ஹார்ன் அடித்தது என்று அண்ணன் அப்புறம் சொன்னார்.

"சாவியைத் திருப்பி அணைச்சிடுங்கண்ணா. இனிமே ஒரு அடிகூட ஓட்டாதீங்க. இறக்கத்துல உருட்டிக்கூட எஞ்சினைக் கிளப்பாதீங்க."

"நேத்து சரின்னியேம்மா."

"நான் சொன்னது தப்புண்ணா. அணைச்சிடுங்க."

அவர் சாவியைத் திருப்பினார். டொக் டொக் நின்றது. பிறகு பெண்ணின் அப்பா கத்துவது கேட்டது; அதை எழுத வேண்டாம். அண்ணன் "ஆங் சார், ஆங் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே மணப்பெண்ணின் குரல், அவசரமே இல்லாமல் வந்தது.

"நைனா, அந்த வாழையிலை ஆட்டோவ நிறுத்து. நான் அதுல போறேன்."

"பட்டுப்புடவையோட ஆட்டோவிலயா?"

"புடவைக்கு இன்னா தெரியும், எதுல போறோம்னு? பாவா மேல காத்துகினு இருப்பாரு. நிறுத்து."

பாவா என்று அவள் சொன்னது மாப்பிள்ளையை. பந்திக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோவில் மணப்பெண் மலை ஏறினாள். முகூர்த்தத்துக்கு ஆறு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்தது. இலைக்கட்டின் மேல் உட்கார்ந்து எடுத்த படம்தான் அந்தக் கல்யாணத்தில் எல்லோருக்கும் பிடித்த படமாம். இது நான் எதிர்பார்த்ததல்ல, நம் கையில் இருந்ததும் அல்ல. அவள் வேறு மாதிரிப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தக் காலை வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்போதும் 'அணைச்சிடுங்க' என்பதுதான் சரியான பதில்.

வண்டியைக் கயிறு கட்டி இறக்கினோம். அன்றே ஆயில் தொட்டியைக் கழற்றினேன். நான்கு பேரிங்குகளும் தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வளைவு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதைப் பார்த்தபோது தெரிந்தது. கிராங்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி, அண்ணனோடு அரக்கோணத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அந்த லேத்காரர் அதிகம் பேச மாட்டார். நான் அங்கே போய் வந்த இத்தனை வருடத்தில் அவர் பேரைக்கூடக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'லேத்துக்காரர்'தான். மைக்ரோமீட்டரை வைத்து எட்டு இடத்தில் அளந்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சிட்டுது. கோடு விழல. லேசா பாலிஷ் போட்டாப் போதும்."

அண்ணன் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது அளவில் பேரிங் ஒரே ஒரு செட்டுதான் கடைகளில் தேடிக் கிடைத்தது. அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் அவரும் நினைத்தோம். லேத்காரர் பழைய பேரிங்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எப்ப போட்டதும்மா இது?"

"பதினாலு மாசம்."

"ஆயில் இல்லாம தேஞ்சா நீலமா கருகிப் போவும். இது இன்னாடான்னா, தேச்சு வெச்ச பித்தளைச் சொம்பு மாதிரி மினுக்குது. இன்னாத்தையோ போட்டுத் தேச்சிகினு கீறீங்க. அது இன்னான்னு பாக்காம புதுசு போட்டா அதுவும் பதினாலு மாசந்தான்."

அது கடைசி செட்டு. அடுத்த முறை மலையிலிருந்து போன் செய்ய நேரம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

திரும்பி வந்து நோட்டைப் பிரித்தேன். பேரிங் தேய்ந்தது என்பதுதான் பட்டியலின் கடைசி வரி. அது ஏன் தேய்ந்தது என்பதற்கு வரியே இல்லை. என் பட்டியல் முடிந்த இடத்தில்தான் நோய் ஆரம்பித்திருந்தது. 'சரி'யை அன்றுதான் அடித்தேன்.

தூசு என்று முதலில் எழுதினேன். ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு போனால் முதலில் சிலிண்டர் தேயும். சிலிண்டரை அளந்தேன், நாங்கள் விட்டது போலவே இருந்தது. காற்றோடு வரவில்லையென்றால் ஆயிலோடு வந்திருக்க வேண்டும். தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருந்தது. பேரிங் தேய்ந்த தூள் என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். இப்போது அதைப் பெட்ரோலில் கழுவி, தட்டில் காயவைத்து வெயிலில் காட்டினேன். உலோகத்தூள் வெயிலில் மினுக்கும். இதில் பாதி மினுக்கவில்லை.

ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது? எஞ்சினின் தலையில் இருக்கும் மூடி வழியாக. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த மூடியைப் பார்த்தேன். ஒரு வருடமாக வாரம் இரண்டு தடவை பார்த்த மூடிதான்.

மூடியைச் சுற்றி விபூதிப் பட்டை. அதன்மேல் காய்ந்த சந்தனம், குங்குமம். அதற்குமேல் இன்னொரு பட்டை. பதினான்கு மாதக் கல்யாணங்கள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன.

திருத்தணியில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். பழைய வண்டி மலை ஏறினால் சூடாகும். மேலே போனதும் அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்துவிடுவார். கல்யாண வீட்டார் வண்டிக்கும் சேர்த்துப் பூசை போடச் சொல்வார்கள். எஞ்சின் திறந்தே இருக்கிறது, கண்ணில் முதலில் படுவது அந்தத் தட்டையான தலையும் மூடியும்தான். பட்டை அங்கேதான் விழும். மலையில் வைத்த விபூதியை நம் ஊரில் எந்த மெக்கானிக்கும் துடைக்க மாட்டார். அதைச் சுற்றித்தான் வேலை செய்வோம். நான் சேர்ந்த முதல் நாளே அப்படித்தான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் அப்படிச் செய்தார்கள்.

அண்ணனைக் கேட்டேன். "ஆயில் எப்பண்ணா ஊத்துவீங்க?"

"மேலதான். பொண்ணும் மாப்ளயும் தாலி கட்டிகினு வர்றதுக்குள்ள, எஞ்சின் கொஞ்சம் ஆறினதும் அரை லிட்டர் ஊத்திடுவேன். தெனம் கொஞ்சம் குடிக்குதில்ல."

"மூடியைத் திறக்கறப்போ சுத்தித் துடைப்பீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நான் வேதக்காரன்மா, சர்ச்சுக்குப் போறவன். அவங்க சாமி பேரைச் சொல்லி வெச்சத நான் துணியப் போட்டுத் துடைச்சா, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? எனக்கே மனசு வராது."

ஒரு சுத்தமான வெள்ளைத் துணியால் மூடியைச் சுற்றி ஒரு தடவை ஒற்றி எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் பெட்ரோல் விட்டு அலசினேன். காய்ந்ததும் தொட்டியில் எடுத்த படிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மினுக்காத பாதியும் இதுவும் ஒன்று. விபூதியும் சாம்பல்தான்; முன்பெல்லாம் எல்லா வீட்டிலும் சாம்பல் போட்டுத்தான் பாத்திரம் பளபளக்கத் தேய்த்தார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே விழுந்திருக்கிறது. ஆயிலோடு போய்ப் பேரிங்கைத் தேய்த்திருக்கிறது.

அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் காட்டின மரியாதைதான் வண்டியத் தின்னுகினு இருந்ததா?"

"நீங்க மட்டும் இல்லண்ணா" என்றேன். சொல்ல வேண்டியிருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் எஞ்சின் வேலை முடிந்து வண்டி வெளியே போன அன்று, ஷெட் வழக்கப்படி அதற்கு முதல் பட்டை போட்டது நான். மூடிக்குப் பக்கத்திலேயே, மூன்று விரலால். பட்டையின் ஈரம் காய்ந்ததும் மூடியைத் திறந்து, "பாருங்கண்ணா, ஆயில் எப்படித் தெறிக்குது" என்று அவருக்குக் காட்டியதும் நான். அதன்பிறகு எங்கள் ஷெட்டில் நடந்த ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மூடியைத் திறந்தது என் கைதான். ஒரு தடவையும் துடைக்கவில்லை. ஏழு காரணங்கள் எழுதினேனே, அவற்றில் ஒன்றிலும் நான் இல்லை.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "பட்டியல்ல எட்டாவதா ஒம் பேரை எழுதிக்க" என்றார். சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதிக்கொண்டேன். அதே பக்கத்தில், எட்டாவது வரியாக, 'நாங்கள்' என்று இருக்கும்.

புது பேரிங் போட்டு எஞ்சினைக் கட்டினோம். ஆனால் பிரச்சினை தீரவில்லை. 'எஞ்சினில் விபூதி வைக்காதீர்கள்' என்று யார் போய்ச் சொல்வது? அண்ணன் சொன்னால், வேதக்காரன் விபூதியை வேண்டாம் என்கிறான் என்று ஆகும். அடுத்த முகூர்த்தத்திலிருந்து அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் கடைசி பேரிங்கும் போகும். நான் இரண்டு நாள் யோசித்து, பானெட்டைத் திறக்கவே வேண்டாம், மூடிக்குத் தகடு அடித்து மறைக்கலாம், ரேடியேட்டருக்குப் பெரிய விசிறி போடலாம் என்று ஐந்து வழி எழுதி வைத்தேன். எல்லாமே யாரிடமும் எதுவும் கேட்காமல் தப்பிக்கும் வழிகள்.

சோதனை ஓட்டத்துக்கு எப்போதும் போல மலைக்குத்தான் போனோம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் நின்ற அந்த வளைவில் நாற்பத்திரண்டு. மேலே நிறுத்தியதும் வழக்கம்போலப் பானெட்டைத் திறந்தார். வண்டிப் பூசை செய்யும் குருக்கள், வேறொரு புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தட்டோடு எங்களிடம் வந்தார்.

"இன்னா சாலமன், அன்னிக்குப் பொண்ண எலைக்கட்டு மேல அனுப்பிட்டியாமே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஐந்து வழி எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். விபூதி உள்ளே விழுவதையும், துடைக்க எங்களுக்குத் தயக்கமாக இருப்பதையும் சொன்னேன்.

குருக்கள் கேட்டுவிட்டு, இது என்ன பெரிய விஷயம் என்பது போலப் பார்த்தார்.

"தொடச்சிட்டுத் தெறக்க வேண்டியதுதானே?"

"நீங்க வெச்சத நான் எப்பிடி சாமி துடைக்கிறது?" என்றார் அண்ணன்.

"நாங்க உள்ள சாமிக்கே விபூதி அபிஷேகம் பண்ணிட்டு, தண்ணி ஊத்தித் துணியால ஒத்தி எடுத்துட்டுத்தான் அடுத்த அலங்காரம் பண்றோம். சாமி ஒண்ணும் கோச்சிக்கல. உன் எஞ்சின் அதைவிட ஒசத்தியா?"

சொல்லிவிட்டு, பட்டையை மூடியிலிருந்து தள்ளி, பானெட்டின் உள்விளிம்பில் போட்டார். "இனிமே இங்கயே வெக்கறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லி வெக்கறேன். சுத்தமான துணியா எடுத்துக்க. கிரீஸ் துணி வேணாம்."

பதினான்கு மாதம் நாங்கள் கேட்காமல் இருந்த கேள்வி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டிய ஆள் எந்நாளும் அந்த வண்டியிலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஷெட்டிலேயே யாரையாவது கேட்டிருந்தாலும் போதும். ஒரு வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும்போது அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. உங்களுக்கும் இங்கே அப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடும், வந்திருக்கவும் கூடும். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. பட்டியல் எழுதும்போது அவற்றையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கடைசி செட்டு பேரிங் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. போன வாரம் சூட்டில் ஊசி முப்பத்தெட்டு காட்டியது. தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முப்பதுக்குக் கீழே வந்தால் தடித்த ஆயிலைத் தேடாமல் தொட்டியைக் கழற்றுங்கள். அவர் மலையிலிருந்து போன் செய்தால், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முன்னால் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் மடித்து வைத்த வெள்ளைத் துணிகள் இருக்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் அண்ணன் மூடியைச் சுற்றித் துடைத்த துணியை உதறாமல், மடித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுப்பார். "எங்க உதறணும்னு எனக்குத் தெரியலம்மா, நீயே வெச்சிக்க" என்பார். நான் அவற்றைச் சேர்த்துவைத்து, மலைக்குப் போகும்போது குருக்களிடம் கொடுத்துவிடுவேன். இனி உங்களிடம் கொண்டுவருவார். வாங்கிக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் அந்தப் பெட்டியில் கைவிட்டு, கை துடைக்க எடுத்துவிடாதீர்கள்.